எடைக்குப் போன தாம்பாளம் சுவரில் ஏறியது!

பல்லாவரம் சந்தையில் பெயர் தேடும் குரோம்பேட்டைப் பெண்மணி

(நமது நிருபர்)

"பழைய பித்தளை, அலுமினியம், இரும்பு, பேப்பர்ர்ர்..."

இந்தக் குரல் நுழையாத தெரு சென்னையில் ஏது? முன்பெல்லாம் பழைய ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இப்போது காசாகவே கொடுத்துவிடுகிறார்கள். சரி, அந்த மூட்டைக்குள் விழுந்த பாத்திரம் அப்புறம் எங்கே போகிறது?

பெரும்பாலும் உருக்கு உலைக்கு! ஆனால் தப்பிப் பிழைத்த சில பாத்திரங்கள் இப்போது நகரத்து வீடுகளின் சுவரில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பாட்டி காலத்துத் தாம்பாளம் வரவேற்பறைச் சுவரில் சூரியன் மாதிரி தகதகக்கிறது. இடியாப்பத் தட்டுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. சல்லடை வளையம் படச் சட்டமாகிவிட்டது. பல்லாங்குழிப் பலகை சுவரில் நெட்டுக்குத்தாய்த் தொங்க, அதன் குழிகளில் வீட்டுச் சாவிகள் உட்கார்ந்திருக்கின்றன!

இதில் கைதேர்ந்த ஒரு பெண்மணி குரோம்பேட்டையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சந்திக்க நேரம் கேட்டோம். "வீட்டுக்கு அப்புறம் வரலாம். வெள்ளிக்கிழமை காலையில பல்லாவரம் சந்தைக்கு வந்துடுங்க. அங்கேதான் விஷயமே இருக்கு" என்றார். போனோம்.

"திருப்பிக் காட்டுப்பா!"

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய டிரங்க் ரோடு நெடுக, விரித்த சாக்குகளில் உலகமே கிடக்கும். செடி, கோழி, கருவாடு, பழைய சட்டை, ஓடாத கடிகாரம், ஒற்றைச் சக்கரம், மாவாட்டும் குழவி... எல்லாம்!

ஒரு காலத்தில் இந்த மாதிரிச் சாமான்களுக்கு மூர் மார்க்கெட்தான் கதி. 1985-ம் ஆண்டு மே மாதம் தீக்கிரையானது அந்தக் கட்டிடம். அந்த இடத்தில் இன்று சென்ட்ரல் புறநகர் ரெயில் நிலையம் நிற்கிறது. பழைய சாமான் பிரியர்களில் பலருக்கு இன்று வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம்தான்.

நம்ம பெண்மணிக்கு வயது ஐம்பத்தாறு. கையில் துணிப்பை. பைக்குள் ஒரு சின்னக் காந்தம், ஒரு விபூதிப் பொட்டலம். "காந்தம் சரி, விபூதி எதுக்கும்மா?" என்று கேட்டோம். "பாருங்க, தெரியும்" என்று நடந்தார்.

அவரைப் பார்த்ததும் ஒரு கடைக்காரர் குரல் கொடுத்தார்: "யக்கா! இன்னிக்கு நாலு தட்டு வந்துக்குது. உனக்குன்னு எடுத்து வச்சிக்கிறேன்!"

தட்டின் பளபளப்பை அந்த அம்மாள் பார்க்கவில்லை. "திருப்பிக் காட்டுப்பா" என்றார். காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. இரும்பின் மேல் பித்தளைப் பூச்சு என்றால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். பிறகு விளிம்பில் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரு சிட்டிகை விபூதியை எடுத்துத் தேய்த்தார், துணியால் துடைத்தார்.

கறுப்பேறிய பித்தளையில் வெள்ளை வெளேரென்று புள்ளி புள்ளியாய் எழுத்துகள் எழுந்தன! ஒரு பெண்ணின் பெயர், முன்னால் 'சௌ.', பின்னால் ஓர் ஊர், அடியில் ஒரு வருஷம்.

உளியால் தட்டித் தட்டி வெட்டிய பெயர் அது. கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்கினால், கடை வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து பெயர் வெட்டிக் கொடுப்பாரே, அந்தப் பெயர்!

"இது இல்லே" என்று முணுமுணுத்தார் அம்மாள். என்றாலும் தட்டை எடை போடச் சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார்.

"எது இல்லை?" என்று கேட்டோம். பதில் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

பாத்திரம் வரும் பாதை

கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். "எங்கேருந்து வருது இதெல்லாம்?"

"கிராமத்துல சைக்கிள்காரன் வாங்குவான் சார். அவன் டவுன் மண்டியில போடுவான். மண்டிலேருந்து லாரி ஏறும். பாதிப் பேரு நேரா உருக்கப் பூடுவாங்க. நாங்க மண்டிக்குப் போயி, பாக்க லச்சணமா இருக்கறத மட்டும் பொறுக்கிக்கினு வருவோம். நாங்க பொறுக்கலன்னா அடுத்த நாளு அது தட்டு இல்ல சார், கட்டி!"

"பெயர் இருந்தால் விலை கூடுமா?"

சிரித்தார். "கொறையும் சார்! 'ஊரான் பேரு நம்ம வூட்ல எதுக்கு'ம்பாங்க. ஓட்டல்காரங்க, சினிமா செட்டுக்காரங்கல்லாம் பேர் இல்லாததா கேப்பாங்க. அதுக்குன்னே மிஷின்ல வச்சி தேச்சிடுவோம். ஒரு நிமிசம், வழுவழுன்னு பூடும். இந்த யக்கா மட்டுந்தான் 'தேய்க்காதே, அப்படியே குடு'ன்னு சண்ட போடும்."

சுவரில் பதினேழு வட்டம்

சந்தை முடிந்து குரோம்பேட்டைக்குப் போனோம். சாதாரண இரண்டு அறை பிளாட். கணவர் ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் அசந்து நின்றோம்!

எதிர்ச் சுவர் முழுக்கத் தாம்பாளங்கள். பெரியது நடுவில், சிறியவை சுற்றிலும். எண்ணிப் பார்த்தோம். பதினேழு. ஆனால் பதினெட்டு ஆணிகள். மேல் வரிசை ஓரத்தில் ஓர் ஆணி மட்டும் சும்மா நின்றது.

இன்னொரு பக்கம் கரண்டிகள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. குழிக் கரண்டி, கண் கரண்டி, தோசைத் திருப்பி, எண்ணெய்க் கரண்டி. அதன் கீழே மர முறுக்கு அச்சுகள், ஆளுக்கொரு ஜோடிக் கையோடு, வரிசையில் நிற்கும் குட்டி மனிதர்களைப் போல! மூன்று சல்லடை வளையங்களில் பட்டுத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. "எங்க மாமியாரோட முகூர்த்தப் புடவை. உடம்பு நெஞ்சுபோச்சு. முந்தானையும் பார்டரும் அப்படியே இருந்துச்சு. சரிகைக் கடையில எடைக்குக் கேட்டாங்க. கொடுக்க மனசு வரலே" என்றார்.

காபி வந்தது. பிறகு கதையும் வந்தது.

1983-ல் நடந்தது

"1983. நான் அப்போ ஒன்பதாம் வகுப்பு. அக்கா கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. அப்பாவுக்குக் கம்பெனி மூடிட்டாங்க. அம்மா பரணிலேருந்து ஒவ்வொண்ணா இறக்கினாங்க. அண்டா, குடம், அடுக்கு, கடைசியா அவங்க சீர்த் தாம்பாளம். அதுல எங்க அம்மா பேரு, அடியில 1958-னு வெட்டியிருக்கும். அவங்க கல்யாண வருஷம்.

கடைக்கு யார் கொண்டு போறது? அப்பாவுக்கு வெட்கம். அம்மாவால முடியலே. நான்தான் சார் தூக்கிட்டுப் போனேன். பாவாடையில மூடி எடுத்துட்டுப் போனேன், தெருவுல யாரும் பார்த்துடக் கூடாதுன்னு. கடைக்காரர் தராசுல போட்டார். பேரைப் பார்க்கவே இல்லே. எடையைத்தான் பார்த்தார்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலே. ஆனா நாள் கிழமைன்னா, எவர்சில்வர் தட்டுல வெத்தலை பாக்கு வைக்கும்போது ஒரு நொடி நிப்பாங்க பாருங்க, அதான் என்னால மறக்க முடியலே."

அம்மா காலமாகிவிட்டார். அதன் பிறகுதான் இவர் சந்தைக்கு வர ஆரம்பித்திருக்கிறார். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் எத்தனையோ தட்டைத் திருப்பிப் பார்த்தாயிற்று. அம்மாவின் தட்டு கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் வேறு வேறு அம்மாக்களின் தட்டுகள்!

"விட்டுட்டு வர மனசில்லே. வாங்கினேன். வாங்கினா எங்க வைக்கறது? பரண் இல்லாத வீடு. அதனாலதான் சுவர்ல ஏத்தினேன். அழகுக்குன்னு ஆரம்பிக்கலே சார். அப்புறம் பார்த்தா அழகாத்தான் இருந்துச்சு."

அறுப்பதா, கூடாதா?

இதே தொழிலை வேறு விதமாகச் செய்யும் ஓர் இளைஞரையும் அன்று சந்தையில் பார்த்தோம். குடத்தை நெடுக இரண்டாக அறுத்து, பாதிக் குடத்தைச் சுவரில் பதிப்பார். கறுப்புப் பெயிண்ட் அடித்து, காபி ஓட்டல்களுக்கு விற்பார். நல்ல கிராக்கி.

"ஆன்ட்டி என்னைப் பார்த்தாலே திட்டுவாங்க சார்" என்று சிரித்தார். "நான் அறுக்கலேன்னா அந்தக் குடம் மறுநாள் உலையில இருக்கும். உலையில முழுக் குடமா போறதுக்குச் சுவர்ல பாதிக் குடமா இருக்கட்டுமே! எனக்கும் சோறு போடுது."

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாளிடம் கேட்டோம்.

"ஓட்டைக் குடத்தை அறுக்கட்டும், யார் வேணாங்கறா? நல்ல குடத்தை அறுக்கக் கூடாது. நான் சுவர்ல மாட்டுறேன்னா, நாளைக்கு ஒருத்தர் வந்து கழட்டி வெத்தலை பாக்கு வைக்க முடியணும். ஓட்டை போடமாட்டேன், பெயிண்ட் அடிக்கமாட்டேன், பேரை அழிக்கமாட்டேன். அவ்வளவுதான் என் கணக்கு" என்றார்.

கேட்கும்போது ஓவியர் பிகாசோவின் ஞாபகம் வந்தது. 1942-ல், ஜெர்மன் ராணுவம் பாரிஸ் நகரைப் பிடித்து வைத்திருந்த நேரம். பழைய சாமான் குவியலில் ஒரு சைக்கிள் சீட்டும், ஹேண்டில்பாரும் அவர் கண்ணில் பட்டன. சீட்டை முகமாகவும் ஹேண்டில்பாரைக் கொம்பாகவும் வைத்தார். காளைத் தலை! பாரிசில் உள்ள பிகாசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது அது. என்றாவது ஒருநாள் இதை யாராவது குப்பையில் கண்டெடுத்து, மறுபடி தன் சைக்கிளுக்கே மாட்டிக்கொண்டால் அதுவும் நல்லதுதான் என்ற பொருளில் பிகாசோவே பேசியிருக்கிறார். குரோம்பேட்டை அம்மாள் சொல்வதும் அதுதானே!

உடைந்துபோனதற்கு வேறு வழி உண்டு. சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர் நேக் சந்த். 1957-ல் தொடங்கி, உடைந்த பீங்கான், வளையல் துண்டு, பழைய குழாய், ஓடு என்று பொறுக்கி வந்து, யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் சுவரும் சிலையுமாகக் கட்டிக்கொண்டே போனார். அரசாங்க நிலம்! கண்டுபிடித்த அதிகாரிகள் இடித்துத் தள்ளவில்லை. 1976-ல் அதுவே 'ராக் கார்டன்' என்று மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

முழுப் பாத்திரத்துக்கு அகமதாபாத்தைப் பார்க்கலாம். எவர்சில்வர் மோகத்தில் பழைய பாத்திரம் எல்லாம் உருக்கப்படுவதைக் கண்டு மனம் நொந்த ஒருவர் சேர்க்க ஆரம்பித்து, 1981-ல் 'விசார்' என்று பாத்திர அருங்காட்சியகமே வைத்துவிட்டார். 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் அங்கே உள்ளன.

நீங்களும் மாட்டலாம்!

செய்முறையை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார் அம்மாள். வாசகிகள் குறித்துக்கொள்ளலாம்:

* பித்தளையைப் புளி போட்டுத் தேயுங்கள். செங்கல் பொடி வேண்டாம், வெட்டிய எழுத்து தேய்ந்துவிடும். தேய்த்த பிறகு நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளியும் உப்பும் ஒட்டியிருந்தால் களிம்பு ஏறும்.

* தட்டில் ஓட்டை போடாதீர்கள். விளிம்பை மூன்று இடத்தில் கவ்வுகிற மாதிரி செம்புக் கம்பியை வளைத்து, பின்பக்கம் முறுக்கி, அதில் வளையம் வையுங்கள். கழற்றினால் தட்டில் ஒரு வடுவும் இருக்காது.

* பெரிய தாம்பாளம் நல்ல கனம். வெறும் ஆணி தாங்காது. சுவரில் துளை போட்டு, பிளக் வைத்து ஸ்குரு முடுக்க வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. உள்ளே மின்சார ஒயர் ஓடும்! கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் மேலே கனமான எதையும் மாட்டாதீர்கள்.

* முறுக்கு அச்சு, பலகை போன்ற மரச் சாமானை வாங்கும்போது தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் உளுப்பூச்சி இருக்கிறது. வீட்டுக்குள் விட்டால் கதவு நிலையைப் பிடித்துவிடும்.

* பழைய ஜன்னல் கதவைச் சட்டமாக்கப் போகிறீர்களா? பழைய பெயிண்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் இருந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சந்தேகம் இருந்தால் சுரண்டாமல் மேலேயே புதுப் பூச்சு அடித்துவிடுங்கள்.

* இடியாப்பத் தட்டுக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்குதான் வைக்க வேண்டும். சூடேறும் குண்டு பல்பு வேண்டாம்.

* லேக்கர், வார்னிஷ் பூசிய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. சந்தையில் யாராவது "கோவில் சாமான், பழைய சிலை" என்று காதோடு காதாகச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கலைப்பொருள் ஆகியவை 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். லைசென்ஸ் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்வது குற்றம். வெளிநாட்டுக்கு அனுப்புவது அதைவிடக் குற்றம். சிலைக் கடத்தலுக்கென்றே 1983 முதல் தமிழகப் போலீசில் தனிப் பிரிவு இருக்கிறது. யானைத் தந்தத்தில் செய்தது எதுவானாலும் தொடவே வேண்டாம்.

பதினெட்டாவது ஆணி

எழுந்திருக்கும் நேரத்தில், அந்தச் சும்மா நின்ற ஆணியைக் காட்டிக் கேட்டோம்.

"அதுவா?" என்று சிரித்தார்.

"தண்ணி சுத்தம் பண்ற மிஷினை ரிப்பேர் பண்ண ஒரு பையன் வந்தான். வேலையை முடிச்சுட்டு சுவரையே பார்த்துட்டு நின்னான். 'அம்மா, இது எங்க ஊரு பேரு'ன்னான். கும்பகோணம் பக்கம் சின்னக் கிராமம். போன்ல படம் பிடிச்சு அவங்க அத்தைக்கு அனுப்பினான். அரை மணி நேரத்துல அந்த அம்மா போன்ல அழறாங்க. தட்டுல இருக்கறது அவங்க மாமியார் பேராம். விளைச்சல் பொய்ச்ச ஒரு வருஷம், விதைநெல்லுக்காக வித்தாங்களாம்.

அடுத்த வாரமே ரெயில் ஏறி வந்துட்டாங்க. எழுபது வயசு இருக்கும். 'எவ்வளவு வேணா தர்றேம்மா'ன்னாங்க."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"உண்மையைச் சொல்றேன், எனக்கு அந்த நிமிஷம் கொடுக்க மனசு வரலே. நடுத் தட்டுக்கு அடுத்த அழகு அதுதான். எத்தனை நாளா தேய்ச்சுத் தேய்ச்சு வச்சிருக்கேன்! 'எனக்கு மட்டும் கிடைக்கலையே'ன்னு ஒரு ஆத்திரம் கூட வந்துச்சு. உள்ளே போய்க் காபி போட்டேன். போடும்போது யோசிச்சேன். எங்க அம்மா தட்டு எந்த வீட்டுச் சுவர்லயாவது இருந்து, நான் போய் நின்னா, அந்த வீட்டுக்காரங்க என்ன செய்யணும்னு நான் ஆசைப்படுவேன்?

கழட்டிக் கொடுத்துட்டேன். வாங்கின விலை மட்டும் வாங்கிக்கிட்டேன். சும்மா கொடுத்தா அவங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க. அதே தட்டுல வெத்தலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி வச்சு அனுப்பினேன். கம்பியை அவிழ்க்க அஞ்சு நிமிஷம் ஆகலே. அறுத்திருந்தா, அழிச்சிருந்தா, கொடுக்க என்ன இருந்திருக்கும் சொல்லுங்க?"

அன்று காலை வாங்கிய புதுத் தட்டு மேஜை மேல் இருந்தது. "அதை இந்த ஆணியில் மாட்டிவிடுவீர்களா?" என்றோம்.

"இல்லே சார். அதுக்கு வேற ஆணி அடிச்சுக்குவேன். இது அப்படியே இருக்கட்டும்."

வாசக நேயர்களே! உங்கள் வீட்டிலோ, நீங்கள் போகும் ஓட்டலிலோ, சுவரில் ஒரு பழைய பித்தளைத் தாம்பாளம் தொங்கினால், ஒரு நிமிடம் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அதில் 1958 என்று ஒரு வருஷமும், அதற்கு மேலே ஒரு பெண்ணின் பெயரும் இருந்தால் தேய்த்துவிடாதீர்கள். குரோம்பேட்டையில் ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை என்றால், பல்லாவரம் சந்தையில் இருப்பார்.